டெனிஸ் பெயரில் ஒரு பஸ் ஹோல்ட்

மகன் பெயரில் கட்டிய பஸ் ஹோல்ட்டில் தோட்டத்து ஆள் ஒருவர்கூட உட்கார்ந்து ரோசலின் பார்த்ததில்லை. கட்டிப் பதினைந்து வருஷம் ஆகிவிட்டது.

கேகாலை பஸ் இறப்பர்த் தோட்டத்துக்குப் பிரியும் சந்தியில் அது நின்றது. நாலு தூண், தகரக் கூரை, உட்காரப் பின்சுவரோடு ஒட்டிய ஒரு நீளச் சீமெந்து வாங்கு. வாங்குக்கு மேலே கறுப்புக் கல்லில் டெனிஸின் படம், இராணுவத் தொப்பியோடு. அதன் கீழே சிங்களத்தில் பெயர், இலக்கம், படைப்பிரிவு, சண்டையில் இறந்த வருஷம் 2008. அவனோடு மன்னார்ப் பக்கம் இருந்த பையன்கள் லீவில் வந்து மண் குழைத்துக் கட்டியது. வரக்காப்பொலயிலிருந்து இந்தப் பக்கம் வருகிற வழியெல்லாம் இப்படி எத்தனையோ ஹோல்ட்கள். ஒவ்வொன்றிலும் ஒரு வீட்டுப் பிள்ளையின் பெயர் இருக்கும். அதன் கீழே ஆட்கள் சாமான் பைகளோடு உட்கார்ந்திருப்பார்கள்.

இங்கேயும் பக்கத்துக் கிராமத்துச் சிங்களவர்கள் உட்கார்ந்தார்கள். தோட்டத்தார் மட்டும் எதிரே மாரா மரத்தடியில் நின்றார்கள். வெயிலிலும் நின்றார்கள், மழையிலும் நின்றார்கள்.

காரணம் தனக்குத் தெரியும் என்றே ரோசலின் நினைத்திருந்தாள். அந்தத் தமிழ்த் தோட்டத்திலிருந்து பட்டாளத்துக்குப் போனவன் டெனிஸ் ஒருத்தன்தான். கொடி போர்த்தி மூடிய பெட்டி வந்த அன்று தோட்டத்து வீட்டு வரிசையான லயமே திரண்டு வந்தது. ஒருவரும் ஒரு சொல் தப்பாகப் பேசவில்லை. ஆனால் அடுத்த வீட்டுப் புஷ்பத்தின் அண்ணன், தமிழரை அடித்து விரட்டிய எழுபத்தேழு கலவரத்தோடு வடக்கே வன்னிக்குப் போனவர். அவருடைய மகள் அங்கே 2009இல் இராணுவத்தின் ஷெல் விழுந்து செத்துப்போனாள். அதற்குப் பிறகும் ரோசலினும் புஷ்பமும் பக்கத்துப் பக்கத்து இறப்பர் மர நிரையில்தான் பால் வெட்டினார்கள். மழையைப் பற்றிப் பேசினார்கள், கங்காணியைத் திட்டினார்கள். அந்த இரண்டு சாவுகளைப் பற்றி மட்டும் பேசவில்லை.

மே மாதம் வந்தது. படைவீரர் நினைவுநாளான பத்தொன்பதாம் திகதி பிரதேச செயலகத்து ஆட்கள் மலர்வளையத்தோடு வருவார்கள். அதற்கு முந்திய சனிக்கிழமை ரோசலின் வழக்கம்போல் வந்தாள். செருப்பைப் படியில் கழற்றிவிட்டு ஏறி, கூட்டிப் பெருக்கி, படத்தைத் துடைத்து, பிளாஸ்டிக் மாலையை நேராக்கி, மெழுகுதிரி ஏற்றிச் சிலுவை அடையாளம் போட்டாள். இறங்கப் போகும்போது மழை பிடித்துக்கொண்டது.

எதிரே புஷ்பமும் மருமகள் துஷ்யந்தியும் ஒரே குடையில் நின்றார்கள். துஷ்யந்திக்கு இது எட்டாம் மாதம். கேகாலையில் டாக்டரைப் பார்க்கப் போகிறார்கள். காற்று குடையைப் புரட்டிப் போட்டது.

"துஷ்யந்தி, வயித்துப் புள்ளையோட நனையாத. உள்ள வந்து குந்து."

"பரவாயில்லை பெரியம்மா. பஸ் வந்துரும்."

ரோசலின் வெறுங்காலோடு சேற்றில் இறங்கி ரோட்டைக் கடந்தாள்.

"என் மகன் போனது பாவம்னா வாயத் தொறந்து சொல்லிருங்க. பதினஞ்சு வருஷமா இப்புடி மழையில நின்னு சொல்லாதீங்க."

துஷ்யந்தி மாமியாரைப் பார்த்தாள். புஷ்பம் குடையை நிமிர்த்தப் பார்த்து, முடியாமல் விட்டாள்.

"மொத ரெண்டு வருஷம் கோவந்தான்க்கா. பொய் சொல்ல மாட்டேன். அண்ணன் மக போனப்ப அந்தச் செவத்தப் பாக்கவே முடியல. அப்புறம் அது அடங்கிருச்சு. டெனிசு எங்க வீட்டுல சோறு தின்னு வளந்தவன்தானே."

"அப்ப ஏன் குந்த மாட்டேங்கிறீங்க?"

கேட்கக் கூடாததைக் கேட்டதுபோல் புஷ்பம் அவளைப் பார்த்தாள்.

"நீங்களே செருப்பக் கழட்டிட்டுத்தானே ஏறுறீங்க. மாலை போடுறீங்க, திரி ஏத்துறீங்க, கும்புடுறீங்க. அதுக்கப்புறம் நாங்க போயி அவன் மூஞ்சிக்கு முதுகக் காட்டிக்கிட்டு, வெத்தல மென்னுக்கிட்டு குந்துறதா? சமாதியில யாராவது குந்துவாங்களா?"

"சிங்கள ஆளுங்க குந்துறாங்களே."

"அவங்களுக்கு அது ஹோல்ட்டு. எங்களுக்கு டெனிசு."

ரோசலின் சேறு படிந்த தன் வெறுங்காலைப் பார்த்தாள். வாரம் தவறாமல் செருப்பைக் கழற்றியவள் அவள்தான். மரத்தடியில் நின்றவர்கள் அதைப் பார்த்துக்கொண்டே நின்றிருக்கிறார்கள். வெறுப்பு என்று அவள் இத்தனை காலம் சுமந்ததில் பாதிக்கு மேல், அவளே அவர்களுக்குச் சொல்லிக்கொடுத்த மரியாதை.

திரும்பிப் போய் மாலையைக் கழற்றிப் பைக்குள் வைத்தாள். திரியை ஊதினாள், அணைத்தபின் கொஞ்ச நேரம் அதையே பார்த்துக்கொண்டு நின்றாள். பிறகு படிக்கு இறங்கி, செருப்பைப் போட்டுக்கொண்டு மறுபடி ஏறினாள். வாங்கில் உட்கார்ந்தாள். தலைக்குப் பின்னால் பிள்ளையின் முகம் இருந்தது. உடம்பு ஒப்பவில்லை. ஒருமுறை எழுந்து நின்றுவிட்டு, மீண்டும் உட்கார்ந்து, சுவரில் நன்றாகச் சாய்ந்தாள்.

"வாங்க," என்றாள்.

துஷ்யந்தி முதலில் வந்தாள். கால் வலித்ததால் யோசிக்காமல் உட்கார்ந்துவிட்டாள். புஷ்பம் படியில் செருப்பைக் கழற்றப் போனவள், ரோசலினின் காலைப் பார்த்து அப்படியே ஏறினாள். சாவு வீட்டு நாற்காலியில் உட்காருகிறவளைப்போல் வாங்கின் ஓரத்தில் ஒட்டிக்கொண்டாள். பஸ் வர இருபது நிமிஷம் ஆனது. அதுவரை மூவரும் அங்கேயே உட்கார்ந்திருந்தார்கள்.

பத்தொன்பதாம் திகதி வந்த உத்தியோகத்தர் வழக்கமான மெழுகுதிரி எங்கே என்று சிங்களத்தில் கேட்டார். அதைக் கல்லறையில் ஏற்றிவிட்டேன் என்று ரோசலின் சொன்னாள். அது உண்மைதான்; அன்று விடிய முதல் வேலையாகத் தோட்டத்து மயானத்துக்குப் போய் வந்திருந்தாள். அவர்கள் மலர்வளையம் வைத்து, வணக்கம் செலுத்திவிட்டுப் போனார்கள். சாயந்தரம் அவள் வளையத்தையும் எடுத்துக் கல்லறைக்குக் கொண்டுபோனாள்.

ஜூன் நடுவில் ஒரு காலை, மேல் லயத்து ஐயாவு அவள் வாசலில் வந்து நின்றார். சட்டை தோளில் ஒட்டியிருந்தது, முகத்தில் எரிச்சல்.

"என்னா ரோசலின், ஒங்க ஹோல்ட்டுல தகரம் ஒழுகுது. குந்துனா நேரா தலையில கொட்டுது. கட்டுனா மட்டும் போதுமா, பாக்க வேணாமா?"

எந்தப் பக்கம் என்று அவள் கேட்டாள். வலது கைப்பக்கம், தூணுக்குக் கிட்ட என்றார். முந்தாநாள் அங்கே உட்கார்ந்த லயத்து ஆட்கள் இன்னும் இரண்டு பேர் நனைந்ததாகவும் குறைப்பட்டுக்கொண்டார். ரோசலின் அவர்களின் பெயர்களையும் கேட்டுத் தெரிந்துகொண்டாள். பிறகு சேலையை இடுப்பில் இழுத்துச் செருகிக்கொண்டு, யார் வீட்டில் ஏணி இருக்கிறது என்று விசாரித்தாள்.