ராவல்பிண்டி பஸ்

மூன்றாவது கரண்டி பார்லித் தண்ணீரும் கடைவாய் வழியாகத் தலையணைக்கே போய்ச் சேர்ந்தது. மர்சலின் முந்தானையால் துடைத்துவிட்டு அடுத்ததை நீட்டினாள். ராஜநாயகம் உதட்டை மூடிக்கொண்டார். மூடியது மரியாதைக் குறைவோ என்று யோசித்தவர்போல மறுபடி திறந்து, "பஸ்" என்றார்.

கால்மாட்டில் நின்ற மகள் கிளாடிஸ் குனிந்து கேட்டாள். "என்னப்பா? பஸ்ஸா? எங்க போகணும்ப்பா?"

"பஸ்," என்றார், மனைவியைப் பார்த்து.

"நேத்துலேர்ந்து இதையேதான் சொல்றாரும்மா."

"எங்கயோ போகணும்போல இருக்கு," என்றாள் மர்சலின். "வரும்ங்க, பஸ் வரும். நீங்க இதைக் குடிங்க."

பொய். சாமியாரிடம் பாவசங்கீர்த்தனத்தில் சொல்லித் தீர்க்கவேண்டிய அளவுக்குச் சுத்தமான பொய்.

இரண்டு மாதமாக பார்லி, கஞ்சி, ஆரஞ்சுச் சாறு, மறுபடி பார்லி என்று காய்ச்சிக் காய்ச்சி அவளே அடிப்பிடித்த பாத்திரம் மாதிரி ஆகியிருந்தாள். கடைசியாக எப்போது படுத்தாய் என்று கேட்டால் எழுந்திருக்கும் நேரத்தைத்தான் சொல்லியிருப்பாள். அவர் வயிற்றில் கட்டி. இனி வாய் வழியாக எதுவும் இறங்காது, பெரியாஸ்பத்திரிக்குக் கொண்டுபோனால் மூக்கு வழியாக ரப்பர் குழாய் விட்டு ஆகாரம் கொடுப்பார்கள் என்று டாக்டர் பத்ரிநாராயணன் சொல்லிவிட்டார். அதனால் குணமாகுமா என்று மகன் விக்டர் கேட்டதற்கு, டாக்டருக்குத் தம் பையில் ஏதோ அவசரமாகத் தேடவேண்டியிருந்தது. விக்டர் இப்போது வாடகைக் கார் பிடிக்கப் போயிருந்தான். அவன் வருவதற்குள் ஒரு டம்ளராவது உள்ளே போய்விட்டால் குழாயைத் தட்டிக் கழித்துவிடலாம் என்று மர்சலின் நினைத்தாள். அவர் ஒத்துழைக்கவில்லை.

பஸ் என்றால் என்னவென்று அவளுக்குத் தெரியும். சாந்தோமிலேயே அவள் ஒருத்திக்குத்தான் தெரியும்.

ராஜநாயகம் டிராயிங் மாஸ்டர். கறுப்புப் பலகையில் இமயமலையை வரைந்தே காலம் தள்ளியவர், யுத்தம் தொடங்கிய மறு வருஷம் ஒரு தடவை நேரில் பார்த்துவிடுவது என்று கிளம்பினார். ராவல்பிண்டியில் மிலிடரிக் கணக்கு ஆபீசில் தம்பி அகஸ்டின் இருந்தான். பெண்டாட்டியையும் கூட்டிக்கொண்டு போனதால் கோயில் தெருவில் கொஞ்ச நாள் வேறு வம்புக்கு வேலை இல்லாமல் போயிற்று. போனபோது அது வெளியூர். போன வருஷத்திலிருந்து வெளிநாடு. "நான் ஒரு தடவைதான் போயிட்டு வந்தேன். அதுக்கே தனியாப் போயிட்டாங்க," என்று சொல்லிக்கொண்டிருந்தார்.

அங்கே மலைப்பாதையில் அவர்கள் போன பஸ் நின்றுவிட்டது. தலைப்பாகைக்காரர் ஒருவர் வண்டிக்கு அடியில் போய்ப் படுத்துக்கொண்டார். பாதையோர வீட்டு அம்மாள் இவர்களைக் கூப்பிட்டுக் கயிற்றுக் கட்டிலில் உட்கார்த்தி, பூக்குவளை அளவுள்ள பித்தளை டம்ளரில் மோர் கொடுத்தாள். மிச்சம் வைத்தால் அவமரியாதை என்று ராஜநாயகம் ஒரே மூச்சில் காலி செய்தார். காலி டம்ளரை விட்டுவைத்தால் அவமரியாதை என்று அந்த அம்மாள் நிரப்பினாள். இப்படி இரண்டு மரியாதைகளுக்கும் நடுவில் வயிறு மாட்டிக்கொண்டது. பாஷை தெரியாது. கண் பிதுங்கி, பாதைப் பக்கம் கையைக் காட்டி, "பஸ்?" என்றார். வண்டி சரியாகிவிட்டதா என்று கேட்டதாக அவர் நினைப்பு.

அந்த அம்மாள் உடனே குடத்தைக் கீழே வைத்துவிட்டாள்.

"ரெடியாயிடுச்சாம், மர்சி," என்று அவர் ஓடினார். தலைப்பாகைக்காரர் இன்னும் அடியில்தான் படுத்திருந்தார். திரும்பி வந்தார். டம்ளர் நிரம்பியது. "பஸ்?" குடம் கீழே இறங்கியது.

அந்தப் பக்கத்தில் பஸ் என்றால் போதும் என்று அர்த்தம் என்பதை அகஸ்டின் வீட்டுக்குத் திரும்பிய பிறகுதான் தெரிந்துகொண்டார்கள். மிச்ச மலைப்பாதையில் அந்த மோர் செய்த காரியம் பிள்ளைகளிடம் சொல்லத் தக்கதல்ல. ஆகையால் அந்தக் கதை இரண்டு பேருக்குள்ளேயே நின்றுவிட்டது. வார்த்தை மட்டும் புழக்கத்துக்கு வந்தது. கலியாண வீடுகளில் அவருடைய பரிகாசம் சம்பந்தியின் வழுக்கைத் தலையை நெருங்கும்போது, "என்னாங்க, பஸ் வந்துடுச்சி," என்பாள். பாதி வாக்கியத்தில் வாய் மூடிக்கொள்வார். அம்மாவுக்கு எப்போதும் பஸ்ஸைப் பற்றியே கவலை என்று நம்பிப் பிள்ளைகள் வளர்ந்தார்கள்.

இத்தனை வருஷமும் அதை அவள்தான் அவருக்குச் சொல்லியிருக்கிறாள். அவர் அவளுக்குச் சொன்னது நேற்றுத்தான் முதல் தடவை.

வாசலில் கார் வந்து நின்றது. விக்டர் டிரைவரையும் அழைத்துக்கொண்டு உள்ளே வந்தான். மெத்தையோடு தூக்கிவிடலாம், கதவு அகலம் போதும் என்று அவன் ஏற்பாடுகளைச் சொல்லிக்கொண்டே போனான். ராஜநாயகம் அவனைப் பார்க்கவில்லை. மர்சலின் கரண்டியை டம்ளருக்குள் போட்டுவிட்டு அவர் காதருகே குனிந்தாள்.

"வண்டிக்கு அடியில இன்னும் ஆள் படுத்திருக்கானேங்க."

அவர் வாயின் ஒரு ஓரம் இழுத்துக்கொண்டது. சிரிப்பதற்கு அவ்வளவுதான் மிச்சமிருந்தது.

"இல்ல, மர்சி," என்றார். மூச்சு வாங்கிக்கொண்டார். "எழுந்துட்டான்."

பிள்ளைகள் இருவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். மர்சலின் நிமிர்ந்தாள். நிமிர்வதற்குக் கட்டில் சட்டத்தைப் பிடித்துக்கொள்ள வேண்டியிருந்தது.

"காரை அனுப்பிடு, விக்டர்."

"ஏம்மா?"

"அப்பா போதுங்கிறாரு."

"எப்ப சொன்னாரு? பஸ்ஸு பஸ்ஸுன்னுதானே..."

"அதான்."

அவன் குரல் உயர்ந்தது. நாளைக்கு ஊர் தன்னைத்தான் கேட்கும், ஒரு குழாய்க்குக்கூட வழியில்லாமல் அப்பனை விட்டுவிட்டான் என்று சொல்லும் என்றான். சொல்லச் சொல்ல அழுகை வந்து குறுக்கே நின்றது.

"என்னைக் கேக்கச் சொல்லு," என்றாள் மர்சலின். "சாமியாரைக் கூட்டிட்டு வா. அந்தக் காரிலேயே போ."

சாமியார் வந்து எண்ணெய் தொட்டு அவஸ்தைப்பூசுதல் கொடுத்துவிட்டுப் போனார். மத்தியானம் கடல்காற்று திரும்பி, ஜன்னல் திரை உள்பக்கம் உப்பத் தொடங்கிய நேரத்தில், அவள் கையிலிருந்த கை கனத்தது. டம்ளரில் மிஞ்சிய பார்லியைக் கொட்டிவிட்டு வந்துதான் பிள்ளைகளைக் கூப்பிட்டாள்.

சாயங்காலத்துக்குள் வீடு நிறைந்துவிட்டது. நொச்சிக்குப்பத்திலிருந்து மீன் கொண்டுவரும் தேவானைகூடக் கூடையை வெளியே இறக்கிவிட்டு வந்து உட்கார்ந்திருந்தாள். அவருக்குக் கோட்டு மாட்டி, டை கட்டி, தலைமாட்டில் மெழுகுவர்த்தி ஏற்றியிருந்தார்கள். டை, அவர் உயிரோடிருந்தபோது ஒரு நாளும் நிற்காத அளவுக்கு நேராக நின்றது. மர்சலின் தரையில் உட்கார்ந்து கட்டில் காலில் சாய்ந்தாள். பெண்கள் பிரார்த்தனை ஆரம்பித்தார்கள். ஒவ்வொரு புனிதரின் பெயருக்கும், "அவருக்காக வேண்டிக்கொள்ளும்," என்று அவளும் சேர்ந்து சொன்னாள். பிறகு, "அவருக்காக," என்பதோடு நின்றது. பிறகு அதுவும் இல்லை. எங்கேயோ மாவரைக்கிற சத்தம் கேட்டது. அது தன்னுடைய குறட்டை என்று தெரிந்தது. வெட்கமாயிருந்தது. கண் திறக்கவில்லை.

"அம்மா," என்று கிளாடிஸ் தோளைத் தொட்டாள். "அம்மா, எல்லாரும் பாக்கறாங்க."

"எய்ப்பாத கண்ணு," என்றது தேவானையின் குரல். "எம்மா நாளாச்சோ தூங்கி. வுடு."

பிரார்த்தனை நிற்கவில்லை. பெண்கள் குரலைத் தணித்துக்கொண்டது மட்டும் அவளுக்குக் கேட்டது.