பொத்தான் ஆலையில் ஒரு துடைப்பம்

தங்கும் விடுதியில் துப்புரவுப் பணியாளர்களை மேய்க்கும் சூப்பர்வைசரை எங்கே வேண்டுமானாலும் அழைத்துப் போகலாம், பாழடைந்த கட்டடத்துக்கு மட்டும் கூடாது. இது ஸ்டூடியோக்காரிக்குத் தெரியாததா? கூடக் குடித்தனம் நடத்துகிறவள் ஆயிற்றே. ஆனால் கேமரா ஸ்டாண்டைத் தூக்க ஆள் வேண்டும். கூலி கேட்காத ஆள் என்றால் புருஷன்தானே?

பாஸ்போர்ட் படம் எடுத்து எடுத்தே அவளுக்குக் கை மரத்துப் போயிருந்தது. அவள் எடுத்த முகம் ஊரில் எல்லோருடைய பர்சிலும் இருக்கிறது; ஒரு சுவரிலாவது தொங்குகிறதா என்றால் இல்லை. நகர மண்டபத்தில் கைவிடப்பட்ட இடங்களைப் பற்றி ஒரு படக் கண்காட்சி வைக்கப் போகிறார்கள். அதில் தன் படம் ஒன்று, அடியில் தன் பெயரோடு தொங்க வேண்டும். இதுதான் அவளுடைய ஆசை. சூப்பர்வைசருக்கும் அதே ஆசைதான், வாய்விட்டுச் சொல்ல மாட்டார். கண்காட்சிக்காரர்கள் போட்ட நிபந்தனை ஒன்றே ஒன்று: படத்தில் மனிதர் யாரும் இருக்கக் கூடாது.

மூடிக் கிடந்த பொத்தான் ஆலைக்குள் போக ஒருநாள் அனுமதி கிடைத்தது. மறுநாள் இடிக்கப் போகிறார்களாம். உள்ளே நீளமான கூடத்தில் பொத்தான் வார்க்கும் அச்சு இயந்திரங்கள் வரிசையாக நின்றன. தரையெல்லாம் தூசி, காலை வைத்தால் பொதபொதவென்று அமுங்கியது. சூப்பர்வைசருக்குக் கை பரபரத்தது.

"துடைச்சு எவ்வளவு காலம் ஆச்சோ."

"துடைக்காம கெடக்கறதாலதாங்க வந்திருக்கோம். கையைக் கட்டிக்கிட்டு நில்லுங்க."

"நிக்கிறேன். சொல்லக்கூடக் கூடாதா?"

அவள் ஒவ்வொரு இயந்திரத்துக்கும் நேரெதிரே ஸ்டாண்டை வைத்து எடுத்தாள். ஒரு இயந்திரத்திடம், "கொஞ்சம் நேராப் பாருங்க" என்று பழக்க தோஷத்தில் முணுமுணுக்கவும் செய்தாள்.

"அதுக்கும் பாஸ்போர்ட் எடுத்துக் குடுக்கப் போறியா?"

அவள் முறைத்துவிட்டு, எடுத்த படங்களைப் பார்த்தாள். முகம் வாடிப்போயிற்று. எல்லா இயந்திரங்களும் விசா கேட்க வந்தவை போல விறைத்துக்கொண்டு நின்றன. மாடிக்குப் போய்விட்டாள்.

கிண்டல் பண்ணியிருக்க வேண்டாம் என்று சூப்பர்வைசருக்கு மனசு அடித்துக்கொண்டது. ஏதாவது உதவி செய்யலாமே என்று சுற்றுமுற்றும் பார்த்தார். மூலையில் ஒரு துடைப்பம் சாய்ந்திருந்தது. அப்புறம் கேட்பானேன்? இடம் பளிச்சென்று இருந்தால் படமும் பளிச்சென்று வரும் என்று வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு பெருக்க ஆரம்பித்துவிட்டார்.

அவள் இறங்கி வந்தபோது பாதிக் கூடம் சுத்தமாகியிருந்தது.

"என்னங்க பண்ணி வச்சிருக்கீங்க?"

"நல்லா இருக்கட்டுமேன்னு..."

அவளுக்கு அழுகை முட்டியது. திட்ட வாயைத் திறந்தவள் அப்படியே நின்றாள். கிளம்பிய தூசி கூடம் முழுக்கப் பறந்தது. மேற்கு ஜன்னல்களிலிருந்து வெயில் அதில் பட்டைபட்டையாக இறங்கியது. நடுவில், குட்டு வெளிப்பட்ட முகத்தோடு, துடைப்பமும் கையுமாக அவர்.

"அசையாதீங்க." எடுத்தாள். "இப்போ நகருங்க, சீக்கிரம்."

அவர் விழுந்தடித்து ஓடுவதற்குள் சூரியன் எதிர்க் கட்டடத்துக்குப் பின்னால் இறங்கிவிட்டது. பாவம், மறுபடியும் மாய்ந்து மாய்ந்து பெருக்கிப் பார்த்தார். தூசி வந்தது, வெயில் வரவில்லை.

வீட்டுக்கு வந்து கணினியில் பார்த்தார்கள். அவர் துடைப்பத்தோடு நின்ற படம்தான் அவள் வாழ்நாளில் எடுத்ததிலேயே உருப்படியானது. மற்றதெல்லாம் சப்பென்று இருந்தது.

"என்னை அழிச்சுடு. மூஞ்சியில இருக்கற மருவையே காணாம ஆக்குறவ நீ. நான் ஒரு பெரிய மருன்னு நெனச்சுக்கோ."

அவள் சிரித்துவிட்டு வேலையைத் தொடங்கினாள். துடைப்பம் போயிற்று. கால்கள் போயின.

"தொப்பைக்குத்தான் நேரம் ஆகுது போல."

"பேசாம இருங்க."

கடைசியாகத் தலையும் போயிற்று. அந்த இடத்தில் தரையும் இயந்திரமும் வெயிலும் வந்து நிரம்பின. அங்கே ஒருவர் நின்றார் என்றால் யாரும் நம்ப மாட்டார்கள். சுத்தமான வேலை, அவராலேயே குறை சொல்ல முடியவில்லை. கேட்டு வாங்கிக்கொண்டதுதான், இருந்தாலும் உள்ளே சுருக்கென்றது.

"அருமையா இருக்கு, அனுப்பிடு" என்றார்.

அவள் அனுப்பவில்லை. ரொம்ப நேரம் பார்த்துக்கொண்டே இருந்தாள். பிறகு செய்ததையெல்லாம் ஒவ்வொன்றாகத் திருப்பினாள். தலை வந்தது, தொப்பை வந்தது, கால்களும் துடைப்பமும் வந்தன.

"ஏம்மா? இப்படிக் குடுத்தா சேத்துக்க மாட்டாங்களே."

"சேத்துக்க வேண்டாம்."

"உன் பேரு தொங்கணும்னு எவ்வளவு ஆசைப்பட்டே."

"இப்பவும் ஆசைதான்." அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "ஆனா நீங்க இல்லாம அந்த எடத்தைப் பாத்துட்டேன். ஒரு தடவை பாத்ததே போதும்."

சூப்பர்வைசர் நாற்காலியை இழுத்துப் போட்டு அவள் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டார்.