கதவில்லாத வேலி

"நீங்க வேலி போட்டது நிலத்துக்குத்தானே மாமா? தண்ணிக்குமா?"

"நான் எங்க தண்ணிக்குப் போட்டேன் மச்சான்? ஏரிதான் பின்னாடி போயிடுச்சு. அதுக்கும் நான்தான் பொறுப்பா?"

கம்பி வலைக்கு அந்தப் பக்கம், முழங்கால்வரை சேறோடு மைத்துனன் நின்றான். ஏரியில் துடுப்புப் படகுகளை வாடகைக்கு விடுகிறவன். இந்தப் பக்கம் வீட்டுக்காரர், ஓய்வுபெற்ற தணிக்கையாளர். கையில் ஆறிப்போன காபி. மூன்று வருஷமாக இதே பேச்சு. அடுத்தவர் என்ன சொல்வார் என்பது இருவருக்குமே மனப்பாடம்.

முன்பெல்லாம் விடுமுறை நாட்களில் மைத்துனனிடம் படகு எடுத்தவர்கள் அவருடைய தோட்டத்தின் வழியாகப் படகுகளைத் தூக்கிக்கொண்டு போனார்கள். பாட்டு, கூச்சல், பூச்செடிக்குள் காலி பாட்டில்கள். வழக்குப் போட்டார். "கதவு வச்சீங்கன்னா வழி இருக்குன்னு நீங்களே ஒத்துக்கிட்ட மாதிரி ஆயிடும்" என்றார் வக்கீல். அதனால் கதவே வைக்காமல் கரை முழுக்க வலை கட்டினார். ஏரிக்குப் போகத் தனக்கும் வழியில்லை என்பது கடைசிக் கம்பத்தை நட்ட பிறகுதான் அவருக்கு உறைத்தது. இந்தக் கோடையில் தண்ணீர் வற்றி, வேலிக்கு வெளியே யாருக்கும் சொந்தமில்லாத கரை ஒன்று முளைத்திருந்தது.

"இது பொது இடம் மாமா. நாங்க உக்காந்து சாப்பிட்டா உங்களுக்கு என்ன?"

"நல்லா சாப்பிடு. என் ஜன்னலுக்கு நேரா உக்காந்து கொட்டாவி விடாதே."

"நீங்க விடறதைப் பார்த்துத்தான் எனக்கும் வருது."

சொல்லி முடிப்பதற்குள் இருவருக்கும் கொட்டாவி வந்துவிட்டது.

வீட்டிலிருந்து அக்கா இறங்கி வந்தாள். ஒவ்வொரு படியிலும் இரண்டு காலையும் வைத்து, சுவரைப் பிடித்தபடி. அவளுடைய முட்டி வலி ஏரிக்கு மட்டும்தான் கட்டுப்படும். வேலி வரும்வரை தினமும் காலையில் நீந்திக்கொண்டிருந்தவள். புருஷன் பக்கமும் பேசியதில்லை, தம்பி பக்கமும் பேசியதில்லை. இன்று அவள் தோளில் துண்டு கிடந்தது.

"எங்கே கிளம்பிட்டே அக்கா?" என்றான் தம்பி.

அவள் செருப்பைக் கழற்றி ஓரமாக வைத்தாள். வலையின் அடிப்பக்கத்தைக் கால்விரலால் நெம்பிப் பார்த்தாள். கொஞ்சம் அசைந்தது. அப்பால் ஏரி, எந்தக் கேஸும் தெரியாமல், வெயிலில் மல்லாந்து கிடந்தது.

"ஏங்க, நீங்க இந்தப் பக்கம். டேய், நீ அந்தப் பக்கம். ரெண்டு பேரும் சேர்ந்து இதைக் கொஞ்சம் தூக்கிப் பிடிங்களேன், நான் உருண்டாவது போயிடறேன்."