எனக்கென்று வைத்திருந்த ஸ்பூன்

என் மகன் வாயைத் திறந்த விதத்திலேயே எனக்குத் தூக்கிவாரிப் போட்டது.

நான் பல் டாக்டரிடம் உதவியாளராக வேலை பார்க்கிறேன். நாள் முழுக்க சாய்வு நாற்காலிக்குப் பக்கத்தில் நின்று, எச்சில் உறிஞ்சும் குழாயைப் பிடித்துக்கொண்டு ஊரார் வாய்க்குள் எட்டிப் பார்ப்பதுதான் என் பிழைப்பு. முதல் தடவை வருகிறவர் வாயைத் திறக்கும் விதமே வேறு. உதடு திறக்கும், பல் திறக்காது. சின்னக் கண்ணாடியை உள்ளே கொண்டுபோனால் நாக்கு எழுந்து வந்து வெளியே தள்ளும். பழகியவர் அப்படியில்லை. டாக்டர் கையுறை மாட்டும்போதே ஆவென்று திறந்து, நாக்கை ஓரமாக ஒதுக்கிவிட்டுக் கூரையைப் பார்க்கத் தொடங்கிவிடுவார். இவர் வேறு எங்கோ ஏற்கெனவே காட்டியிருக்கிறார் என்று எக்ஸ்ரே எடுப்பதற்கு முன்பே சொல்லிவிடுவேன். இதுவரை தப்பியதில்லை.

ஆறு மாதம் முடிந்த என் மகன், பாலைத் தவிர எதையும் கண்டறியாத பச்சைப் பிள்ளை என்று நான் நம்பியிருந்த, நாங்கள் பட்டாணி என்று கூப்பிடும் பிள்ளை, ஸ்பூன் வருவதற்குள் பழகியவர் மாதிரி திறந்தான்.

இந்த ஒரு ஸ்பூனுக்காக நான் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும். பிரசவ விடுப்பு முடிந்து வேலைக்குத் திரும்பியதிலிருந்து அவன் முதன்முதலாகச் செய்ததெல்லாம் அடுத்தவர்கள் கண்ணுக்கே போய்ச் சேர்ந்தது. முதல் தடவை சத்தம் போட்டுச் சிரித்தது என் அக்காவிடம். முதல் தடவை குப்புற விழுந்தது என் வீட்டுக்காரரிடம். அவர் லிப்ட் ரிப்பேர் செய்கிறவர், மதியத்துக்கு மேல்தான் வேலை. காலையில் பிள்ளையை அவர் பார்த்துக்கொள்வார், மதியம் கீழ்வீட்டிலிருக்கும் அக்கா வாங்கிக்கொள்வாள். சிரிப்பையும் குப்புற விழுந்ததையும் நான் இடைவேளையில் போனில்தான் பார்த்தேன், அடுத்த அறையில் யாரோ பல் வலியில் முனகுகிற சத்தத்தோடு.

அதனால் சட்டம் போட்டேன். பிள்ளையின் முதல் சாப்பாடு என் கையால்தான். அதுவரை தண்ணீர்கூட அவன் நாக்கில் படக்கூடாது. இரண்டு பேரும் நல்ல பிள்ளைகளாகத் தலையாட்டினார்கள்.

அந்த ஞாயிற்றுக்கிழமை காலை கேரட்டை வேகவைத்து, மசித்து, சல்லடையில் தேய்த்துத் தேய்த்து, கண்ணுக்குத் தெரியாத நார்கூட இல்லாமல் ஆக்கினேன். இதற்கென்றே வாங்கி வைத்திருந்த மஞ்சள் ஸ்பூனை வெந்நீரில் போட்டு எடுத்தேன். அக்கா துண்டோடு நின்றாள். வீட்டுக்காரர் பாதி சாப்பிட்ட தட்டை அப்படியே வைத்துவிட்டு, போனில் படம் பிடிக்கத் தயாரானார். மேசையில் எனக்கும் அவருக்கும் பால் விடாத டீ ஆறிக்கொண்டிருந்தது.

அந்த டீக்கும் ஒரு கதை உண்டு. சில வாரங்களுக்கு முன்னால், காலையில் நான் வேலைக்குக் கிளம்பிப் பஸ் ஏறுவதற்குள் வீட்டுக்காரர் போன் செய்தார். பிள்ளைக்கு வாயைச் சுற்றித் தடிப்பு தடிப்பாகச் சிவந்துவிட்டது, வாந்தியும் எடுக்கிறான் என்றார். அடித்துப் பிடித்துக்கொண்டு குழந்தை டாக்டரிடம் ஓடினோம். மருந்து கொடுத்துச் சிவப்பு அடங்கிய பிறகு, "தாய்ப்பாலைத் தவிர வேற ஏதாவது குடுத்தீங்களா?" என்று அவர் கேட்டார்.

"ஒரு சொட்டுத் தண்ணிகூடக் குடுத்ததில்ல டாக்டர்" என்று நெஞ்சை நிமிர்த்திச் சொன்னேன்.

"அப்படின்னா நீங்க சாப்பிடறது ஏதாவது அவனுக்குச் சேராம இருக்கலாம். கொஞ்ச நாளைக்குப் பால், தயிர், வெண்ணெய் எல்லாத்தையும் நிறுத்திப் பாருங்க."

காலை டீ உள்ளே இறங்காமல் என்னிடம் யாரும் பேச்சுக் கொடுக்க மாட்டார்கள். அப்படிப்பட்ட நான் பாலை விட்டேன். அன்று சாயங்காலமே வீட்டுக்காரர், "நீ மட்டும் ஏன் தனியாக் கஷ்டப்படணும்? நானும் விட்டுடறேன்" என்றார். எனக்குக் கண் கலங்கிவிட்டது. வேலை செய்கிற இடத்தில் ஒருவர் பாக்கியில்லாமல் சொல்லிச் சொல்லிப் பெருமைப்பட்டேன். பல் டாக்டரம்மா தன் புருஷனுக்கு அங்கேயே போன் போட்டு, "பாருங்க, மனுஷன்னா அவர் மனுஷன்" என்று இடித்துக் காட்டினார்.

இப்போது அந்த மனுஷர் போனைத் தூக்கிப் பிடித்திருக்க, பட்டாணி முன்னால் சாய்ந்து, ஸ்பூனை உதட்டால் கவ்வி, கேரட்டை வழித்து உள்ளே தள்ளி, விழுங்கினான். நாக்கு வெளியே எட்டிக்கூடப் பார்க்கவில்லை. ஒரு பொட்டு தாடையில் வழியவில்லை. விழுங்கிவிட்டு, அடுத்தது எங்கே என்று மேசையை இரண்டு கையாலும் தட்டினான்.

"ஆகா! என் பிள்ளை பிறவி அறிவாளி!" என்றார் வீட்டுக்காரர்.

"இது முதல் தடவை இல்ல" என்றேன்.

"என்ன உளர்றே?"

"வாயைப் பத்தி எனக்குப் பாடம் எடுக்காதீங்க. இவன் சாப்பிட்டுப் பழகினவன். யார் குடுத்தது?"

அக்கா கையிலிருந்த துண்டை மடித்தாள். மடித்ததைப் பிரித்து மறுபடி மடித்தாள். அவள் திருட்டு முழி எனக்குச் சின்ன வயதிலிருந்தே தெரியும்.

"அக்கா."

"உருளைக்கிழங்குடி" என்றாள் தரையைப் பார்த்து. "மசிச்சு, ரெண்டு ஸ்பூன். தினம் சாயங்காலம்."

தினம்! ஒரு நாள் கைதவறிக் கொடுத்திருந்தால்கூடப் பொறுத்திருப்பேன். என் முதுகுக்குப் பின்னால் தினமும் விருந்து நடந்திருக்கிறது. "உன்னை நம்பித்தானே விட்டுட்டுப் போனேன்? சிரிச்சதை நீ பார்த்தே, நான் எதாவது சொன்னேனா? இந்த ஒண்ணே ஒண்ணை எனக்குன்னு வெச்சிருந்தேனேக்கா!" தெருவுக்கும் பக்கத்து வீட்டுக்கும் கேட்கிற மாதிரி கத்தினேன். கத்திக்கொண்டே அழுதேன். பட்டாணி என்னையும் ஸ்பூனையும் மாறி மாறிப் பார்த்தான்.

அக்கா அழவில்லை. நான் மூச்சு வாங்கும்வரை காத்திருந்துவிட்டுச் சொன்னாள்: "நீ எடுத்து வெச்சிட்டுப் போற பால் நாலு மணிக்கே தீர்ந்துடுது. நீ ஆறு மணிக்கு வர்றே. அதுவரைக்கும் இவன் தொண்டை கிழியக் கத்துவான். உன் பால் பத்தலைன்னு உன்கிட்ட நான் எந்த வாயால சொல்றது?"

தினமும் ஆறு மணிக்கு நான் கதவைத் திறக்கும்போது அவன் சிரித்த முகமாக இருப்பான். எவ்வளவு சமர்த்து என்று நினைத்துக்கொள்வேன். அக்காமேல் கோபம் போய்விடவில்லை, ஆனால் அதைப் பிடித்து வைத்துக்கொள்ள இடமில்லாமல் போய்விட்டது.

இந்த இடத்தில்தான் என் வீட்டுக்காரர் நாட்டாமை செய்ய வந்தார். "விடும்மா, அக்கா பாசத்துலதான குடுத்தாங்க" என்றார். பிறகு அக்கா பக்கம் திரும்பி, "ஆனாலும் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்க்கா. மறைச்சது தப்புதான்" என்றார். அக்கா தலையைக் குனிந்துகொண்டாள்.

நான் முகத்தைத் துடைத்துக்கொண்டேன். போனது போகட்டும். உலகத்தில் உருளைக்கிழங்கு ஒன்றுதானா இருக்கிறது?

"அக்கா, உண்மையைச் சொல்லு. உருளைக்கிழங்கைத் தவிர வேற எதுவும் குடுக்கலைதானே?"

"சத்தியமா இல்லடி."

"முட்டை?"

"ஐயோ, முட்டையெல்லாம் நான் தொடவே இல்ல."

"சரி. அப்ப முட்டை என்னோடது."

வீட்டுக்காரர் தட்டில் வேகவைத்த முட்டை பாதி இருந்தது. ஆறு மாதத்துக்கு மேல் முட்டையும் கொடுக்கலாம் என்று குழந்தை டாக்டரே முன்பு சொல்லியிருந்தார். ஸ்பூன் நுனியில் ஒரு கிள்ளு எடுத்தேன். பட்டாணி அதைப் பார்த்ததும் கால்களை உதைத்து, வாயை அகலத் திறந்தான். இதுவாவது எனக்கு என்று ஸ்பூனை அவன் உதட்டுக்குக் கொண்டுபோனேன்.

"முட்டை வேணாம்!"

என் வீட்டுக்காரர் பாய்ந்து வந்து என் கையைத் தட்டிவிட்டார். மஞ்சள் ஸ்பூன் சுவரில் மோதித் தரையில் உருண்டது. கல்யாணமான நாளிலிருந்து அவர் குரலை உயர்த்தி நான் கேட்டதில்லை, கை நீட்டியதுமில்லை. மணிக்கட்டு விண்ணென்று தெறித்தது. அக்கா துண்டைக் கீழே போட்டுவிட்டாள்.

"ஏன்?" என்றேன்.

அவர் மூச்சிரைக்க நின்றார். முகம் வெளுத்திருந்தது.

"முட்டை ஏன் வேணாம்னு கேட்கிறேன்."

"அன்னைக்குக் காலைல..." என்று ஆரம்பித்து நிறுத்தினார். "நான் சாப்பிட்டுட்டு இருந்தேன். இவன் மடியில உட்கார்ந்து, நான் எடுக்கற ஒவ்வொரு வாயையும் அண்ணாந்து பார்த்துட்டே இருந்தான். மனசு கேட்கலை. ஒரே ஒரு கிள்ளு. கொஞ்ச நேரத்துல வாயெல்லாம் சிவந்து..."

தலைக்குள் ஏதோ அறுந்து விழுந்த மாதிரி இருந்தது. அந்தத் தடிப்பு. அந்த வாந்தி. ஒரு நொடி முந்தியிருந்தால் அதே முட்டையை, என் கையாலேயே, இரண்டாம் தடவை அவன் வாயில் வைத்திருப்பேன். பிள்ளையை நாற்காலியிலிருந்து வாரி எடுத்து, அவன் உதட்டையும் விரல்களையும் முட்டை படாத இடங்களையும் சேர்த்துத் திரும்பத் திரும்பத் துடைத்தேன். அவனுக்கு ஒன்றுமில்லை. ஸ்பூன் போன திசையைப் பார்த்துக் கையை நீட்டினான்.

"டாக்டர் கேட்டப்ப நீங்க எனக்குப் பக்கத்துலதானே உட்கார்ந்திருந்தீங்க?"

"நீ அவ்வளவு அடிச்சுச் சொல்லிட்டே. அதுக்கு மேல நான் எப்படி... இனிமே குடுக்கவே கூடாதுன்னு மனசுக்குள்ள நினைச்சுக்கிட்டேன்."

"மனசுக்குள்ள! நான் பாலை நிறுத்தினேனே, அதைப் பார்த்துட்டுதானே இருந்தீங்க? நானே என் பிள்ளைக்கு விஷம் குடுக்கறேன்னு நினைச்சு ராத்திரியெல்லாம் அழுதேனே, அதையும் பார்த்தீங்களே?"

"அதனாலதான் நானும் உன்கூட..." என்றார் மெதுவாக. மேசையில் ஆறிப்போயிருந்த கறுப்பு டீயைக் கைகாட்டினார்.

அப்போதுதான் எனக்கு அடி சரியாக விழுந்தது. வேலை செய்கிற இடத்தில் நான் ஆள் ஆளாகப் பிடித்து நிறுத்திச் சொன்ன பெருமை ஒவ்வொன்றும் நினைவுக்கு வந்து, உடம்பு கூசியது. அக்காவுக்குப் பாடம் எடுத்த அந்தக் குரலும் காதிலேயே நின்றது. மறைச்சது தப்புதான், அக்கா! என்ன தைரியம்! இந்த வீட்டில் மூன்று பெரியவர்கள் இருக்கிறோம். கேட்டதும் மறைக்காமல் வாயைத் திறந்தது ஆறு மாதப் பிள்ளை ஒன்றுதான்.

நான் கத்தவில்லை. கத்துவதற்கு இருந்ததையெல்லாம் அக்காமேல் செலவழித்துவிட்டேன். பிள்ளையை அவளிடம் கொடுத்தேன். அவள் ஸ்பூனைப் பொறுக்கிக் கழுவி, மிச்சக் கேரட்டைக் கையில் எடுத்துக்கொண்டு என்னைப் பார்த்தாள். "குடு" என்றேன். பட்டாணி திறந்தான், கவ்வினான், விழுங்கினான்.

பிரிட்ஜில் வீட்டுக்காரருடைய தம்பி வந்தால் கொடுப்பதற்கென்று ஒரு பாக்கெட் பால் எப்போதும் இருக்கும். அதை எடுத்து, அடுப்பில் வைத்து, பொங்கும்வரை பக்கத்திலேயே நின்றேன். அக்காவுக்கு ஒன்று, எனக்கு ஒன்று, கெட்டியாக, மேலே ஆடை படர, இரண்டு டீ போட்டேன். அவருடைய பழைய கறுப்பு டீயைச் சுடவைத்து அவர் முன்னால் வைத்தேன்.

அவர் அதையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"எனக்கு இன்னும் எத்தனை நாளைக்கு?"

"நாளைக்குக் காலைல டாக்டர்கிட்ட போறோம்" என்றேன். "முட்டை குடுத்ததை நீங்களே உங்க வாயால சொல்லுங்க. அப்படியே இதையும் கேட்டுடுங்க."