சும்மா வைத்த கை

குறைமாதக் குழந்தைகள் வார்டில் அந்த மூத்த நர்சுக்குப் பட்டப்பெயர் மிலிட்டரி. இளம் நர்சுகள் முதுகுக்குப் பின்னால் வைத்தது. அவளுக்கும் அது தெரியும், உள்ளூரப் பெருமைதான். இருபத்திரண்டு வருடத்தில் காய்ச்சலுக்குக்கூட லீவு போடாதவள். கணவர் போன பத்தாம் நாளே வேலைக்கு வந்து நின்றாள். "வீட்ல உட்கார்ந்து சுவத்தையா பாத்துக்கிட்டு இருக்கச் சொல்றீங்க?" என்று எல்லார் வாயையும் அடைத்துவிட்டாள். ஊர் வாயை அடைத்தவளால் தன் கையை அடக்க முடியவில்லை. அது நடுங்க ஆரம்பித்துவிட்டது. வேலையோ, நூல் கனத்தில் இருக்கும் நரம்பில் ஊசி ஏற்றுவது.

அன்று காலை இரண்டு முறை குத்தியும் நரம்பு தப்பியது. குழந்தை அழத் தெம்பில்லாமல் வாயை மட்டும் திறந்து மூடியது. வேறொருத்திதான் வந்து ஏற்றினாள். தலைமை நர்ஸ் அவளைத் தனியே கூப்பிட்டார்.

"சாயங்காலம் புதுக் குழந்தைக்கு ஊசி ஏத்தணும். உங்களால முடிஞ்சா நீங்களே ஏத்துங்க. முடியலன்னா நாளையிலருந்து ரெக்கார்டு ரூம்தான். நான் வேற என்ன பண்றது, சொல்லுங்க."

"முடியும் மேடம்" என்றாள். வேறென்ன சொல்வாள்? ரெக்கார்டு ரூம் என்பது அந்த ஆஸ்பத்திரியில் ஆளை உயிரோடு புதைக்கிற இடம்.

மதியம் ஒரு தாய் கண்ணாடிப் பெட்டிக்குள் கையை விட்டுத் தன் பிள்ளையைத் தடவிக்கொண்டிருந்தாள். பிள்ளை வெடவெடவென்று உதறியது.

"தடவாதீங்கம்மா, அதுக்குத் தாங்காது. ஒரு கையைத் தலையில வையுங்க. இன்னொரு கையால பாதத்தைப் பிடிச்சுக்குங்க. சும்மா வச்சிருந்தா போதும்."

"ஒண்ணுமே செய்யாம எப்படி சிஸ்டர் இருக்கிறது?"

"கஷ்டந்தான்" என்றாள் மிலிட்டரி.

சாப்பாட்டு நேரத்தில் டப்பாவைத் திறக்காமலே துணி அறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். துவைத்து வந்த போர்வை மூட்டை மேல் உட்கார்ந்தாள். முதுகு விட்டுப்போயிருந்தது. ஒரு மாதமாகத் தன்னை யாருமே தொடவில்லை என்பது அப்போதுதான் உறைத்தது. ஆறுதல் சொல்ல வந்தவர்கள்கூட எட்ட நின்றே சொல்லிவிட்டுப் போனார்கள். மிலிட்டரியைக் கட்டிப் பிடிக்க யாருக்குத் துணிச்சல் வரும்?

வலது கையை எடுத்து இடது மணிக்கட்டின் மேல் வைத்தாள். இதமாகத்தான் இருந்தது. அதற்குள் விரல்கள் நாடியைத் தேடிப் பிடித்துவிட்டன, கண் கடிகாரத்துக்குப் போய்விட்டது. நிமிடத்துக்கு நூற்றுப் பன்னிரண்டு. தொட்டில் பழக்கம் என்பது இதுதான். ஆறுதலுக்கு வைத்த கை டியூட்டி பார்க்கிறது! அவளுக்கே சிரிப்பு வந்தது.

மணிக்கட்டை விட்டுவிட்டு, ஒரு கையை உச்சந்தலையிலும் மற்றதை நெஞ்சிலும் வைத்தாள். நெஞ்சில் இருந்த கை சும்மா இருக்க மாட்டேன் என்றது. தட்டப் பார்த்தது, சேலை மடிப்பைச் சரிசெய்யப் பார்த்தது. அடக்கி வைத்தாள். மெல்லச் சூடு இறங்கியது. அது அவர் கை இல்லை, இனி வரப்போவதும் இல்லை. ஆனாலும் ஒரு கை. ஒரு மாதமாக வராத அழுகை சத்தமில்லாமல் வந்தது.

அழுது முடித்துக் கையை முகத்துக்கு நேரே நீட்டிப் பார்த்தாள். இன்னும் நடுங்கிக்கொண்டுதான் இருந்தது. காலையில் அதை வெட்டிப் போடலாம் போல ஆத்திரம் வந்ததே, இப்போது வரவில்லை. வேறு எந்தப் பொம்பளையாவது தூக்கமில்லாமல், சோறு இறங்காமல், நூற்றுப் பன்னிரண்டு நாடியோடு இந்த வார்டுக்குள் வந்திருந்தால் முதலில் படுக்க வைத்திருப்பாள்.

முகம் கழுவிக்கொண்டு தலைமை நர்சிடம் போனாள்.

"என்ன, ஏத்திடுறீங்களா?"

"இல்ல மேடம். கை நடுங்குது. அந்தக் குழந்தை பாவம்."

தலைமை நர்ஸ் பெருமூச்சு விட்டார். "அப்ப ரெக்கார்டு ரூமுக்கு எழுதிடட்டுமா?"

"லீவுக்கு எழுதுங்க" என்றாள். "நானும் பாவந்தான்."