ஏழாம் அத்தியாயத்துப் புள்ளி

நாவல் கடைக்கு வந்த வாரத்தில் கிளட்ச் வாத்தியாரின் இடது மார்பில் ஒரு சிவப்புப் புள்ளி வந்து உட்கார்ந்தது, இன்றுவரை இறங்கவில்லை. மிளகு அளவுதான், துப்பாக்கியால் குறி வைக்கும்போது விழுகிற லேசர் வெளிச்சம் மாதிரி. சட்டையைக் கழற்றினால் தோலில் விழுந்தது, போர்வையைப் போர்த்தினால் போர்வைமேல் விழுந்தது, ஜன்னலே இல்லாத குளியலறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாலும் விழுந்தது. எங்கிருந்து வருகிறது என்று கண்டுபிடிக்க, அவருக்கு முன்னால் ஒரு காவலரும் பின்னால் ஒரு காவலரும் ஒட்டி நின்று பார்த்தார்கள். வெளிச்சம் அவர்களைச் சட்டை பண்ணாமல் நேராக வாத்தியார் மேலேயே விழுந்தது. சுட்டவன் இல்லை, துப்பாக்கி இல்லை, அடிபட்டவரும் நல்லபடியாக நின்று பேசுகிறார், இதில் யார் மேல் வழக்குப் போடுவது என்று இன்ஸ்பெக்டர் கேட்டார். நியாயமான கேள்வி. டாக்டர் மார்பைத் தட்டிப் பார்த்துவிட்டுச் சத்து மாத்திரை எழுதிக் கொடுத்தார்.

வாத்தியார் என்றால் பள்ளிக்கூட வாத்தியார் இல்லை. கார் ஓட்டக் கற்றுக்கொடுப்பவர். பக்கத்து இருக்கையில் தனக்கென்று தனி பிரேக் வைத்துக்கொண்டு, 'கிளட்ச், கிளட்ச்' என்று நாள் முழுக்கக் கத்துவதால் அந்தப் பெயர். நாவலை எழுதியவர் கடைவீதியில் செல்போன் ரிப்பேர் பார்ப்பவர். அவரும் ஒரு காலத்தில் இவரிடம் கற்றுக்கொண்டவர்தான். மூன்று முறை தேர்வில் தோற்று, கடைசி முறை ரிவர்ஸ் எடுக்கும்போது டிரைவிங் ஸ்கூலின் பெயர்ப்பலகையையே சாய்த்துவிட்டார். 'உனக்கு இது ஒத்துவராதுப்பா, போய் ஸ்க்ரூடிரைவரையே பிடி' என்று வாத்தியார் நடுத்தெருவில் வைத்துச் சொன்னார். ரிப்பேர்காரர் கடைக்குப் போனார், ஷட்டரைப் பாதி இறக்கினார், இரண்டு வருடம் நாவல் எழுதினார்.

அதில் வரும் நாயகன் பகலில் கம்ப்யூட்டர் இன்ஜினியர். சட்டம் தொடாமல் விட்டவர்களைத் தானே தொடுவது அவனுடைய மற்ற வேலை. புறா அளவுக்கு ஒரு ட்ரோனை அனுப்புவான். குற்றவாளியின் மார்பில் சிவப்புப் புள்ளி விழும். இவன் எங்கோ உட்கார்ந்து பொத்தானை அழுத்துவான். ஆறு அத்தியாயத்தில் ஆறு பேர் முடிந்தார்கள். ஏழாவதில் மாட்டுகிறவர் ஒரு டிரைவிங் ஸ்கூல்காரர். வண்டி ஓட்டவே தெரியாத ஒரு பையனுக்கு 'நன்றாக ஓட்டுகிறான்' என்று கையெழுத்துப் போட்டுக் கொடுக்கிறார், அந்தப் பையன் ஓர் ஆளை இடித்துத் தள்ளுகிறான். புள்ளி அவருடைய இடது மார்பில் விழுகிறது, நாயகனின் விரல் பொத்தானுக்குப் போகிறது, அத்தோடு அத்தியாயம் முடிகிறது. எட்டாவது அத்தியாயம் விமானத்துக்குள் ஆரம்பிக்கிறது. சுட்டானா, விட்டானா என்று கடைசிப் பக்கம்வரை ஒரு வார்த்தை கிடையாது. எங்கள் ஊரில் டிரைவிங் ஸ்கூல் ஒன்றே ஒன்றுதான்.

ஊர் இரண்டாகப் பிரிந்தது என்று சொன்னால் அது குறைத்துச் சொல்வது; ஊர் ஏழெட்டாகப் பிரிந்தது. சலூன்காரர் ஒரே மூச்சில் படித்துவிட்டு, பாதி முகம் மழித்த ஆளை நாற்காலியிலேயே விட்டுவிட்டு வெளியே வந்து, 'சுட்டுருக்கணும், சும்மா விட்டது தப்பு' என்று தெருவுக்கே சொன்னார். எலக்ட்ரீஷியனுக்கு ட்ரோனின் பேட்டரி மேல் கோபம். மழையில் அரை மணி நேரம் தாங்காத சாமானை வைத்துக்கொண்டு நாட்டையே திருத்துகிறானாம். நாயகன் முந்நூறு பக்கத்தில் ஒருதரம்கூடச் சாப்பிடவில்லை, அம்மாவுக்கு ஒரு போன் போடவில்லை என்று நர்ஸம்மா குறைப்பட்டார். நாயகி காபி போடுவதற்கும் கடத்தப்படுவதற்கும் மட்டும் வருகிறாள் என்று வங்கிக் காசாளர் புத்தகத்தை மூடி வைத்தார். மறுநாள் மிச்சத்தையும் படித்தார். நாயகன் இருநூறு கிலோமீட்டர் வேகத்தில் ரிவர்ஸிலேயே நெடுஞ்சாலையைக் கடக்கும் பக்கம் வந்ததும், பெயர்ப்பலகை சங்கதி தெரிந்தவர்கள் சிரித்துச் சிரித்து, அதற்கப்புறம் வந்த பயங்கரம் எதற்கும் பயப்பட முடியாமல் போனார்கள்.

இந்தப் பேச்செல்லாம் வாத்தியாரின் மார்பில் தெரிந்தது. வாடகை நூலகத்தில் வாசகர் கூட்டம் நடந்த ஞாயிற்றுக்கிழமை அவர் ஒரு மாணவியை வைத்து ரவுண்டானாவைச் சுற்றிக்கொண்டிருந்தார். புள்ளி இண்டிகேட்டர் மாதிரி எரிந்து எரிந்து அணைந்தது. அங்கே ஒருவர் எழுந்து நாவலைப் புகழ்ந்தால் இங்கே கொழுந்துவிட்டது, ஒருவர் எழுந்து கிழித்தால் மங்கியது. கூட்டத்துக்குப் போய் வந்த நூலகத்துப் பெண் யார் எப்போது பேசினார் என்று வரிசையாகச் சொல்ல, மாணவி தான் பார்த்ததைச் சொல்ல, இரண்டும் பொருந்திவிட்டன. நாவலை ஊர் ரசிக்க ரசிக்கப் புள்ளி பெரிதாகும். ரொம்ப ரசித்துவிட்டால் என்ன ஆகும் என்பதை யாரும் வாய்விட்டுச் சொல்லவில்லை.

அன்று முதல் வாத்தியாருக்கு வீட்டில் உட்காரப் பிடிக்கவில்லை. குட்டி போட்ட பூனை மாதிரி வீட்டுக்கும் வாசலுக்கும் நடந்தார், சாப்பாட்டை நின்றுகொண்டே சாப்பிட்டார், தூங்கும்போதும் கால் பிரேக்கைத் தேடி உதைத்தது. மாலையானால் மனைவியைக் கூட்டிக்கொண்டு வீடு வீடாகப் போய், அது எவ்வளவு மட்டமான நாவல் என்று விளக்கினார். இருவரும் அதைப் படித்ததில்லை. படித்தால் எங்கே பிடித்துத் தொலைக்குமோ என்று பயம். 'நாவல் பிடிக்காதவர்களுக்கு முதல் மூன்று வகுப்பு இலவசம்' என்று பலகை வைத்தார். கூட்டம் அள்ளியது, எல்லோரும் முகத்தைச் சுளித்து நாவலைத் திட்டினார்கள், இலவசமாக மூன்று வகுப்பு ஓட்டினார்கள். புள்ளி பொய்யை ஏற்றுக்கொள்ளவில்லை, அப்படியே இருந்தது. இந்த அமர்க்களத்தில் அப்படி என்னதான் எழுதியிருக்கிறான் என்று வாங்காதவர்களும் வாங்க, இரண்டாம் பதிப்பும் மூன்றாம் பதிப்பும் வந்தன. புள்ளி சட்டைப் பித்தான் அளவுக்கு வளர்ந்தது.

கடைசியில் தன்மானத்தை மூட்டை கட்டி வைத்துவிட்டு ரிப்பேர் கடைக்கே போனார். ரிப்பேர்காரர் அவருடைய மார்பையே பார்த்தார். அட்டைப்படத்தைவிட நன்றாக வந்திருக்கிறது என்று அவருக்குத் தோன்றியிருக்க வேண்டும், ஆனால் நல்ல மனிதர், சொல்லவில்லை.

"சார், சத்தியமா உங்கள நெனச்சு எழுதல. ஸ்கூல் மட்டும்தான் உங்களுது. அந்தப் பையன், ஆக்ஸிடெண்ட் எல்லாம் சும்மா கற்பனை."

"கற்பனைன்னா, விட்டுட்டான்னு ஒரு வரி எழுதிடேன்பா."

"அத அப்படியே விடறதுதான் சார் அதுல அழகு."

"நெஞ்சு என்னுதாச்சே, உனக்கு அழகாத்தான் இருக்கும்."

பாவம் பார்த்து, நான்காம் பதிப்பில் அவர் ஒரு பக்கம் சேர்த்தார்: நாயகன் பொத்தானிலிருந்து விரலை எடுத்துவிடுகிறான். வாசகர்கள் கொதித்துப் போனார்கள். சுட வேண்டும் என்றவர்களும் சுடக்கூடாது என்றவர்களும் முதல்முறையாக ஒன்றுசேர்ந்து, அந்தப் பக்கத்தைக் கிழித்துப் போட்டுவிட்டே படித்தார்கள். புள்ளி இம்மியும் அசையவில்லை.

வாத்தியாரைக் காப்பாற்றியது காலம்தான். அடுத்த வருடம் வேறொரு நாவல் வந்தது, அதற்கடுத்த வருடம் இரண்டு வந்தன, ஊருக்குச் சண்டை போட வேறு விஷயம் கிடைத்தது. புத்தகங்கள் ஒவ்வொன்றாகப் பழைய பேப்பர் கடைக்குப் போகப் போக, புள்ளி மிளகாகி, கடுகாகி, இருக்கிறதா என்று கண்ணாடியில் தேடும் அளவுக்குச் சுருங்கியது. சலூன்காரர் நாவலின் பெயரையே மறந்துபோனார். ஊர் அந்தப் புள்ளியை ஒரு மச்சத்தைப் போலப் பழகிக்கொண்டது. அடையாள அட்டையில் அங்க அடையாளம் என்ற இடத்தில் அதைத்தான் எழுதியிருக்கிறார்கள். நடை மட்டும் நிற்கவில்லை. மனைவி அவர் உட்கார்ந்து பார்த்துப் பல வருடம் ஆகியிருந்தது.

பத்தாம் வருடம் அது திரும்ப வளர்ந்தது. தினமும் மதியத்துக்குப் பிறகு, அவர் மாணவர்களோடு வெளியே இருக்கும்போது, மார்பில் சூடு ஏறியது. பார்த்தால் பித்தான் அளவு, மறு வாரம் நாணய அளவு. ஊரே சேர்ந்து ரசித்த காலத்தில்கூட அது இவ்வளவு பிரகாசமாக எரிந்ததில்லை. ஊரே மறந்த நாவலை யாரோ ஒரே ஓர் ஆள் மனசு முழுக்கக் கொடுத்துப் படிக்கிறார். வாத்தியார் காரை எடுத்துக்கொண்டு அலைந்தார். சலூனுக்குள் எட்டிப் பார்த்தார், அங்கே எல்லோரும் செல்போனைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். நூலகத்தில் அந்த நாவல் இல்லை. ரிப்பேர்காரரிடமே ஒரு பிரதிகூட மிச்சமில்லை. எழுதுவதை விட்டுவிட்டுக் கடையைப் பெரிதாக்கியிருந்தார். வெறுத்துப்போய், ஒருநாள் சாயங்கால வகுப்பை ரத்து செய்துவிட்டு வாத்தியார் வீட்டுக்குத் திரும்பினார்.

மனைவி சமையலறையில் முக்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். குக்கர் சத்தம் போட்டுக்கொண்டிருந்தது, அது அவர் காதில் விழவில்லை. மடியில் நாவல் இருந்தது, பாடப்புத்தகத்துக்குப் போடுவதுபோல அதற்குப் பழைய செய்தித்தாளில் அட்டை போட்டிருந்தார். வாத்தியார் அடுப்பை அணைத்தார். மார்பில் இருந்த புள்ளி எதிர்ச்சுவரில் தொங்கிய கரண்டிகளில் எல்லாம் பளபளத்தது.

"எத்தனாவது தடவை?"

"மூணாவது." மனைவி புத்தகத்தை ஒளிக்கவில்லை. "ஊரே மறந்துபோச்சு, இனிமே படிச்சா என்னன்னு பழைய பேப்பர் கடையிலருந்து வாங்கினேன். தப்புதான். ஆனா நல்லாருக்குங்க. நம்ம ரெண்டு பேரும் வீடு வீடாப் போய்ச் சொன்னதெல்லாம் பொய்."

வாத்தியார் கதவுக்கும் அடுப்புக்கும் நடந்தார், திரும்ப நடந்தார்.

"அப்போ அவன் சுடணும்கிறியா?"

"அது தெரியாமத்தான் திரும்பத் திரும்பப் படிக்கிறேன். ஒண்ணு கேக்கறேன், நின்னு பதில் சொல்லுங்க. ஓட்டத் தெரியாத பையனுக்குக் கையெழுத்துப் போட்டீங்களா?"

பத்து வருடத்தில் அவரிடம் புள்ளியைப் பற்றிக் கேட்காத ஆள் இல்லை. இந்தக் கேள்வியை ஒருவரும் கேட்டதில்லை. எழுதியவருக்கே தெரியாத விஷயம் அது. வாத்தியார் கையை நெஞ்சில் வைத்தார். வெளிச்சம் புறங்கைக்கு வந்தது.

"போட்டேன்," என்றார். "ஜவுளிக்கடைக்காரர் பையன். முதல் கார் வாங்க அவங்க அப்பாதான் உதவி பண்ணாரு. முடியாதுன்னு சொல்ல வாய் வரல."

"யாரையாவது இடிச்சானா?"

"சைக்கிள்ல போன ஒருத்தர. ஒரு கால் போச்சு."

"போய்ப் பார்த்தீங்களா?"

"இல்ல."

மனைவிக்கு அழுகை வந்தது, அடக்கவில்லை, முந்தானையால் துடைத்துக்கொண்டார். அப்போது கரண்ட் போனது. தெருவே இருண்டது. அந்தச் சமையலறையில் மட்டும் வெளிச்சம் இருந்தது, வாத்தியாரின் மார்பிலிருந்து. முக்காலியின் கால்வரை எல்லாம் சிவப்பாகத் தெரிந்தது. மனைவி இன்னொரு முக்காலியை எடுத்து எதிரில் போட்டார்.

"நாளைக்குக் காலையில அவர் வீட்டுக்குப் போறோம்," என்றார். "ரெண்டு பேரும்."

"அதுவரைக்கும் இருப்பேனா?"

"பார்க்கலாம். ஏழாவது அத்தியாயத்துல இன்னும் ரெண்டு பக்கம் இருக்கு. இப்படி வந்து உக்காருங்க."

வாத்தியார் வந்து உட்கார்ந்தார். மனைவி முக்காலியை முன்னால் நகர்த்தி, அவருடைய மார்புக்கு நேராகப் புத்தகத்தைப் பிடித்து, விட்ட இடத்தைத் தேடி எடுத்தார்.

"அசையாதீங்க," என்றார். "எழுத்து ஆடுது."

அவர் அசையவில்லை.