மூன்றாம் அறையில் படுத்தவர்கள்

சுண்ணாம்புக் குழியைப் பழைய தகரங்களால் மூடி, மேலே கல்லும் வைத்துவிட்டு நிமிர்ந்தபோது நல்லம்மாவுக்குப் பிள்ளைகளின் சத்தம் கேட்டது. பள்ளிக்கூடத்துச் சீலா ரீச்சர் முன்னே வர, இரண்டாம் வகுப்பு முழுவதும் கைகோத்தபடி அன்புவழிபுரத்து மணலில் கால் புதையப் புதைய வந்துகொண்டிருந்தது. வீடு கட்டுவதைப் பிள்ளைகளுக்குக் காட்ட வேண்டும் என்று ரீச்சர் போன கிழமை கேட்டபோது, அவள் யோசிக்காமல் ஓமென்று சொல்லியிருந்தாள். இன்றைய நாள் இப்படி அமையும் என்று அப்போது தெரியாது.

சீனன்குடா எண்ணெய்த் தாங்கிகளில் வேலை செய்யும் அவளுடைய புருசன் தம்பிராசா காலையில்தான் முடிவாகச் சொல்லிவிட்டுப் போயிருந்தார்.

"நாங்கள் ரெண்டு பேர். சாமிக்கு ஒரு அறை, படுக்க ஒரு அறை. மூண்டாவது ஆருக்கு? மத்தியானம் வந்து மேசனிட்டச் சொல்லி நிப்பாட்டுறன்."

ஆருக்கென்று அவளுக்கே தெரியாது. இரண்டு அறையோடு வீட்டை முடித்தால், இனி ஒருவரும் வரப்போவதில்லை என்று தாங்களே ஒப்புக்கொண்டதாகிவிடும் என்று மட்டும் மனம் அடித்துக்கொண்டது. கலியாணமாகிப் பல வருசம் பிள்ளையில்லாமல், அவர்கள் பிள்ளை என்ற சொல்லைத் தொடாமல் சுற்றியே நடந்து பழகியவர்கள். அந்த மூன்றாவது அறையின் சுவர் நெஞ்சளவு எழும்பி, மேலே வெறும் வானத்தோடு நின்றது.

வேலை நேரத்தில் பக்கத்தில் ஆள் நிற்பதே பிடிக்காத மேசன் ஆதம்பாவா, அன்றைக்கு ஏனோ தூக்குக்குண்டை ஒவ்வொரு பிள்ளையின் கையிலும் கொடுத்துச் சுவர் நேரோ என்று பார்க்க வைத்தார்.

"இந்தக் குண்டு வெடிக்குமோ?" என்று ஒருவன் கேட்டான்.

"வெடிச்சா இவ்வளவு காலம் மடியில கட்டித் திரிவனா, மகன்?"

பிள்ளைகள் சிரித்துக்கொண்டே குசினிக்குள் புகுந்து, அடுப்புக்கு விட்ட இடத்தில் ஏறி நின்று, கதவில்லாத வாசல்களால் ஓடி ஓடிக் கடைசியில் எல்லோரும் மூன்றாவது அறைக்குள் வந்து சேர்ந்தார்கள்.

"இதுக்குள்ள ஆர் படுக்கிற, மாமி?" என்று கேட்டாள் றஹ்மா, முன்பல் விழுந்த சின்னப் பெண்.

நல்லம்மா ரீச்சரைப் பார்த்தாள். பிறகு, "இன்னும் தெரியாது, மகள்" என்றாள்.

"அப்ப நான் படுக்கிறன்."

சொன்ன கையோடு அவள் நிலத்துக்குப் பரப்பியிருந்த மணலில் நீட்டி நிமிர்ந்தாள். பக்கத்தில் இன்னொருத்தி. பிறகு பொடியன்கள். தள்ளிப் படு, காலை மடக்கு என்று ஒரே கூத்து.

"ரீச்சர், எங்கள் எல்லாருக்கும் இடம் காணும்!"

"ஐயோ, வெள்ளைச் சட்டை! உங்கட அம்மாமார் எனக்கெல்லோ ஏசுவினம்!" என்று கத்திய ரீச்சருக்கே சிரிப்பு அடங்கவில்லை. நல்லம்மா சுவரைப் பிடித்துக்கொண்டு, கண்ணில் நீர் வரும்வரை சிரித்தாள். இந்த வளவில் அவள் இப்படிச் சிரித்ததில்லை.

அப்போதுதான் வாசலில் தம்பிராசா நிற்பதைக் கண்டாள். சைக்கிளை உருட்டி வந்த வேர்வை காயாத முகம். மேசனைத் தேடி வந்த கண்கள் நிலத்தில் நின்றுவிட்டன. அவள் சிரிப்பை விழுங்கினாள்.

"என்ன இது?" என்றார்.

"படுத்துப் பாக்கினம்."

அவர் சைக்கிளை வெளிச்சுவரில் சாத்தினார். பிறகு செருப்பைக் கழற்றி வாசலுக்கு வெளியே வைத்தார்.

"எனக்கும் இடமிருக்கோ, பிள்ளையள்?"

"ஓம்! ஆனா கால நீட்ட ஏலாது" என்றாள் றஹ்மா, தள்ளிப் படுத்தபடி.

அவர் காக்கிச் சட்டையோடு மணலில் மெல்லச் சரிந்து, காலை மடக்கிக்கொண்டு படுத்தார். படுத்தபடியே, "ஆதம்பாவா, இந்த அறைக்கு எவ்வளவு ஓடு போகும்?" என்று கேட்டார். மேசன் என்ன சொன்னாரோ, ஒருவர் காதிலும் விழவில்லை. சீனன்குடாப் பக்கமிருந்து எழும்பிய ஒரு சின்ன விமானம் நேரே தலைக்கு மேலே வந்துகொண்டிருந்தது. அறை முழுவதும் கூச்சலிட்டுக் கை காட்டியது. அத்தனை சின்னக் கைகளுக்கு நடுவில் எண்ணெய்க் கறை படிந்த பெரிய கையொன்றும் மெல்ல உயர்ந்து ஆடுவதை நல்லம்மா பார்த்துக்கொண்டு நின்றாள்.